பள்ளி வாசல்

ஜவ்வாது மலையிலிருந்து செங்கத்துக்கு இறங்கிய பஸ்ஸிலேயே ரஞ்சிதம் தன் அப்பா குப்பனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"கூட்டத்துல தவறிட்டா அலையாத நைனா. பள்ளி வாசல்ல போய் நில்லு. நான் வந்துர்றேன்."

குப்பன் தலையை ஆட்டினார். ஆறு மாதமாக எதைச் சொன்னாலும் அந்த ஆட்டல்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவிவைப்பதற்குள் சாப்பிட்டதை மறந்துவிடுவார். அதற்காகத்தான் டாக்டரிடம் காட்ட அழைத்து வந்ததே.

மருந்துக்கடையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். ரஞ்சிதம் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். சனிக்கிழமை, கேட் பூட்டிக் கிடந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. அரை மணி நேரம் நின்றாள். சோறு தின்றதே நினைவில்லாத மனுஷனிடம் இடம் சொல்லிவைத்த தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டாள். மலைக்குக் கடைசி பஸ் நாலு மணிக்கு. அப்பா இல்லாமல் எந்த முகத்தோடு ஏறுவது?

வாட்ச்மேன் சுப்பிரமணி உள்ளேயிருந்து வந்து என்ன ஏது என்று விசாரித்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பள்ளி வாசல்னா சொன்ன? அவரு அப்படியே வழி கேட்டிருந்தா, மசூதிக்குத்தாம்மா கை காட்டியிருப்பாங்க."

ரஞ்சிதத்தின் ஊரில் மசூதி கிடையாது. அங்கே பள்ளி என்றால் வாத்தியார் வருகிற பள்ளி ஒன்றுதான். அவளுக்கு இது எப்படித் தோன்றும்? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மசூதி வாசலில், வெயிலில், தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தார் குப்பன். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் டீ கிளாஸோடு தவித்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிவாசல் இதானான்னு மூணு வாட்டி கேட்டாரும்மா. நாங்க மஸ்ஜித்னுவோம், ஊர்ல மசூதிம்பாங்க, எப்படிக் கேட்டாலும் இதாங்க, உக்காருங்கன்னேன். நிக்கத்தான் சொல்லியிருக்குன்னு உக்காரவே மாட்டேன்னுட்டாரு."

குப்பன் மகளை முறைத்தார்.

"சொன்ன எடத்துலதான நிக்கறேன். நீ எங்கம்மா பூட்ட?"

ரஞ்சிதம் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். அப்பா மறக்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. அந்த நிமிஷம் அவளுக்கு டாக்டரும் வேண்டாம், சீட்டும் வேண்டாம் என்றிருந்தது.

"நான்தான் தவறிப் பூட்டேன், நைனா," என்றாள். "உக்காரு."

அதற்கப்புறம்தான் குப்பன் படியில் உட்கார்ந்து டீயை வாங்கினார்.