நங்கூரம் தெரிந்ததும் திரும்பவும்

கடலுக்கடியில் ஐந்து மீட்டர் ஆழத்தில் நான் கட்டைவிரலை உயர்த்தினேன். மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து என் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்காததுபோல் ஒரேயடியாகத் திரும்பிக்கொண்டன. அந்த அழகுக்குத்தான் விரலைத் தூக்கினேன். ஸ்கூபா சொல்லித்தரும் பெண் உடனே என் கையைப் பிடித்து மெல்ல மேலே கூட்டிவந்துவிட்டாள்.

"என்னக்கா ஆச்சு? மூச்சு முட்டுதா?"

"சூப்பரா இருக்குன்னுதானே காட்டினேன்!"

"அது 'மேல போலாம்'னு அர்த்தம்க்கா."

அசடு வழிந்தேன். என் கணவர் எழுதிய புத்தகத்தில் பதினோராம் பக்கத்திலேயே இது இருக்கிறது. மூன்று பதிப்புக்கும் பிழை திருத்தியவள் நான்தான். 'கட்டைவிரல்' என்பதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று அவரோடு அரைநாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். அர்த்தம் மட்டும் மண்டையில் ஏறவில்லை.

புதிதாகக் கடலில் இறங்குகிறவர்களுக்காக, கரையோரம் ஆழமில்லாத இடங்களாகப் பார்த்து எழுதிய வழிகாட்டி அது. தன் கண்ணால் பார்க்காத எதையும் அவர் எழுதமாட்டார். அந்த மனிதரின் காதைப் பார்த்த டாக்டர், இனி தண்ணீருக்குள் தலையை விடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே புயல். புத்தகத்தின் முதல் இடத்துக்கு அடையாளம் ஒரு பழைய நங்கூரம். அதைத் தாண்டினால் நீரோட்டம். புயலில் மணல் அதை மூடியிருந்தால், புத்தகத்தை நம்பி இறங்குகிற பிள்ளைகள் போய்க்கொண்டே இருப்பார்கள். ஸ்கூபா சொல்லித்தரும் அந்தப் பெண்ணையே பார்த்துவரச் சொல்லலாமே என்று அவரிடம் கேட்டேன்.

"அவளுக்குக் கண்ண மூடினாலும் வழி தெரியும். புதுசா வர்றவங்களுக்குத் தெரியுதான்னுல்ல பாக்கணும்? விடு, புத்தகத்த ஏறக்கட்டிடலாம்."

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பார்க்கச் சகிக்காமல்தான் ஐம்பத்திரண்டு வயதில் நான் பயிற்சியில் சேர்ந்தேன். என்னைவிடப் புதுசு யார் இருக்கிறார்கள்?

இரண்டாம் முறை இறங்கும்போது விரலை மடக்கியே வைத்திருந்தேன். அவள் பின்னால் வந்தாள். வழி காட்டக் கூடாது என்று பேச்சு. புத்தகத்தில் உள்ளபடி பாறையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நீந்தினேன். பாறை முடிந்தது. நங்கூரம் வரவில்லை. யாரோ என்னை மெல்லத் தள்ளுவதுபோல் இருந்தது. அவள் என் தோளைப் பற்றித் திருப்பினாள். வரும் வழியில்தான் பார்த்தேன், மணலுக்கு வெளியே நங்கூரத்தின் இரும்பு வளையம் மட்டும், என் வளையல் அளவுக்கு. அதன் மேலேயேதான் போயிருக்கிறேன்.

மேலே வந்து கரையைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் நான் வயிற்றில் நெருப்போடு காத்து நின்ற அதே இடத்தில் அவர் நின்றிருந்தார். நலம் என்றால் உச்சந்தலையில் கை வைக்க வேண்டும், வைத்தேன். ஒரு கை போதும் என்று எழுதியவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். பார்க்கிறவர்கள் குடி முழுகிப்போனது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கரையேறியதும் கேட்டார், "தெரிஞ்சுதா?"

"இல்லங்க. தாண்டிப் போயிட்டேன்."

என் தோளில் துண்டைப் போர்த்தினார். புத்தகத்தின் அச்சுப்பிரதியை மடியில் விரித்து, 'நங்கூரம் தெரிந்ததும் திரும்பவும்' என்ற வரியை அடித்தார்.

"நீ சொல்லு. நான் எழுதுறேன்."

"பாறை முடியுதுல்ல... அங்கயே திரும்பணும்னு போடுங்க." பல் கிடுகிடுத்தது.

எழுதினார். பிறகு, அந்த இடத்தின் தலைப்பில் அவர் போட்டிருந்த 'மிக எளிது' என்பதன் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு, அடிக்கட்டுமா என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி அந்தப் பக்கம் நனைந்துகொண்டிருந்தது.