பாட்டின் நடுவில்

அப்பாவின் வாயோரம் காய்ந்திருந்த எச்சிலை மகள் ஈரத்துணியால் மூன்றாவது தடவையாகத் துடைத்தாள். போனபாடில்லை. அருவருப்பாக இருந்தது. பெற்ற தகப்பனிடம் இப்படித் தோன்றுகிறதே என்ற வருத்தம்கூட அவளுக்கு வரவில்லை.

நாற்பது வருஷம் தையல்காரர். கூடத்துச் சன்னலோரம் மிஷின், அதன் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய டேப் ரெக்கார்டர். ஊரார் உடம்பையெல்லாம் அளந்தவருக்கு, பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று கேட்க ஒருநாளும் வாய் வந்ததில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா செத்த மறுநாளே உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தார். சொட்டுக் கண்ணீர் கிடையாது. ஆனால், எந்தக் காலத்திலோ ரேடியோ முன்னால் வைத்துப் பதிந்த ஒரு பாட்டைப் போட்டால் போதும், மூக்கொழுக அழுவார். தைக்கிற துணியிலேயே துடைத்துக்கொள்வார். பாதியில் நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடியும் அழுவார். பாட்டு தொடங்கினாலே மகள் முகம் சுளித்து எழுந்து வெளியே போய்விடுவாள். முழுதாகக் கேட்டதே இல்லை.

"வண்டி வந்துருச்சுக்கா," என்றான் தம்பி. கையில் அந்தக் கேசட். "இதை ஒரு தடவை போட்டுட்டு, அவரோடயே பெட்டியில வச்சிரலாம். அவர் உசிரே இதுலதான இருந்துச்சு."

"வச்சுத் தொலை. இனிமே இந்தக் கண்றாவி யார் காதுலயும் விழ வேணாம்."

பாட்டு தொடங்கியது. கூடத்தில் சொல்லிவைத்தாற்போல எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள். சட்டை இறுக்கம் என்று போன மாதம் சண்டைக்கு வந்த எதிர்வீட்டுக்காரர்கூட மூக்கைச் சிந்தினார். காலையிலிருந்து கூடப்பிறந்த அண்ணன் முகத்தைப் பார்த்துக் கல்லாக உட்கார்ந்திருந்த அத்தை, முன்பின் தெரியாத எவனோ ஒரு பாடகன் குரலை இழுத்ததும் உடைந்து போனாள். இதெல்லாம் ஒரு அழுகையா என்று மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போகலாமென்றால் வாசலைச் சவப்பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. கையில் துணியோடு அப்பாவின் தலைமாட்டிலேயே நின்றாள்.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின் குழறியது. அந்த இடம் மட்டும் நாடா நைந்திருந்தது. வயலினுக்கு அடியில், அடுப்படிப் பக்கமிருந்து ஒரு குரல்.

"சாப்பாடு ஆறிப்போகுதுங்க. வாங்களேன்."

அம்மா.

உடனே, வெகு பக்கத்தில், அப்பா. "வாயை மூடுடி. பாட்டு பதியுதுல்ல."

அதன் பிறகு பாட்டு முடியும்வரை அம்மா பேசவில்லை. மூக்குச் சிந்துகிற சத்தத்தில் வேறு யார் காதிலும் எதுவும் விழவில்லை.

உயிரோடு கூப்பிட்டபோது எழுந்து வராத மனுஷன், நாடா நையும்வரை இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார். அவளுக்கு மனசு இளகவில்லை. அருவருப்பு கூடத்தான் செய்தது. ஆனாலும் கன்னம் நனைந்துவிட்டது.

தம்பி கை நீட்டுவதற்குள் கேசட்டை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னக்கா, நீதான வைக்கச் சொன்ன?"

"வேற எதையாவது வை. இது அவரோடது இல்ல."

அத்தை வந்து அவள் தோளைத் தொட்டாள். "பாட்டைக் கேட்டதும் உனக்கும் பொங்கிருச்சு பாரு. அப்படியே உங்கப்பன்தான்டி நீ."

அவள் கையிலிருந்த துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்த பிறகுதான் அது எந்தத் துணி என்று நினைவு வந்தது.