மூன்றாவது குளம்

உயிர் வெளியே போகட்டும் என்று ரோசினா அத்தை அம்மாவின் படுக்கையறை ஜன்னலைத் திறந்துவிட்டபோது ஹெர்மினா வாசலில் குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு விழவில்லை. நாடாவை அப்படியே காலணிக்குள் திணித்துவிட்டு எழுந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட? டாக்டர் வரணும். உங்கம்மா ஒட்டிலிக்கு உடுப்பு எடுத்து வைக்கணும்."

"அப்பாவைக் கூட்டிட்டு வரேன் அத்தை."

"பதினோரு மணிக்குத் தானா வருவான். பொண்டாட்டி சாகக் கிடந்தப்பக்கூட அவனுக்குக் கால் ஒரு இடத்துல நிக்கல."

"வழியில வேற யாராவது சொல்லி அவர் கேக்கக் கூடாது."

அத்தை தன் தம்பியைப் பற்றி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஹெர்மினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியில நீயாவது பக்கத்துல இருந்தியே. கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்த?"

"ஆமா" என்றாள் ஹெர்மினா.

அப்பாவின் கைபேசி அடுப்படி மேசையில் கிடந்தது. அவர் அதை எடுத்துப் போவதே இல்லை. அவர் நடக்கும் தடத்தில் கார் போகக் கூடாது. சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்றில்லை.

தேவாலயத்து வாசலில் மணியடிக்கும் கிலியன் மாமா சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. தொப்பியைக் கழற்றினார்.

"மாமா, சாவு மணியை இப்ப அடிக்காதீங்க. அப்பாவுக்குத் தெரியாது. வெளியில இருக்கார்."

"எங்கல்பெர்ட் வெளியில இல்லாம என்னிக்கு இருந்தான்?" என்றவர், சொன்னதற்கு வருந்தியவர் போல் சாவிக்கொத்தைப் பார்த்தார். "பத்து மணி வரைக்கும் பாக்கறேம்மா. அதுக்கு மேல பாதிரியார் ஏன் அடிக்கலைன்னு கேப்பார்."

எட்டரை ஆகியிருந்தது.

ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதும் திராட்சைத் தோட்டங்கள் தொடங்கின. அறுவடையின் இரண்டாவது வாரம். வரிசைகளுக்கு நடுவே தலைகள் மட்டும் தெரிந்தன. எல்லை தாண்டி வந்த ஹங்கேரிப் பெண்கள் கத்தரியும் கையுமாக ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தொலைவில் குருவி விரட்டும் வெடி வெடித்தது. ஆயிரம் சூறைக்குருவிகள் ஒரே போர்வையாக எழும்பி, ஒரு சுற்று சுற்றி, அடுத்த தோட்டத்தில் போய் விழுந்தன. ஹெர்மினா பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனாள்.

வியன்னாவிலிருந்து வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. வந்த மறுநாளே பார்த்தாள். காலை ஆறு மணிக்கு அப்பா கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, மருந்து, துணி மாற்றுவது எல்லாம் இவள் தலையில். சாயங்காலம் அவர் அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, எந்தக் குளத்தில் எத்தனை வாத்து, எங்கே நாணல் மடிந்திருக்கிறது, எந்தத் தோட்டத்தில் காய் வெம்பிவிட்டது என்று கதை சொல்வார். சாகப் போகிறவளிடம் வாத்துக் கணக்கு. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு ஹெர்மினா பல்லைக் கடிப்பாள். ஒரு வாரம் முன்பு கேட்டேவிட்டாள்: "ஒருநாள் வீட்டுல இருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?" மறுநாளும் ஆறு மணிக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எதிரே டிராக்டரில் பிளாசியஸ் வந்தான். பள்ளியில் கூடப் படித்தவன். வண்டியை நிறுத்தினான், இன்ஜினை நிறுத்தவில்லை.

"என்ன ஹெர்மி, பட்டணத்துக்காரி காலங்காத்தால ஓட்டப் பயிற்சியா?"

"அப்பாவைப் பாத்தியா?"

"ஏழு மணிக்கு நாணல்காட்டுப் பக்கம் போனார். நான் கூப்பிட்டேன், காதுல விழலை. இல்ல, விழாத மாதிரி போனார்." சிரித்தான். "அம்மா எப்படி இருக்காங்க?"

இவனிடம் சொன்னால் டிராக்டர் ஊர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தோட்டங்களுக்குச் செய்தி போய்விடும்.

"அப்படியேதான் இருக்காங்க."

அவன் பின்னாலிருந்த தொட்டியில் கைவிட்டு ஒரு கொத்துத் திராட்சையை எடுத்து நீட்டினான். "சாறு பிழிஞ்சு நாக்குல தடவு. ஒட்டிலியம்மாவுக்கு இந்த ரகம்னா உசிரு."

வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வது? டிராக்டர் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. கொத்திலிருந்து பிசுபிசுவென்று சாறு விரலில் வழிந்தது. இரண்டு குளவிகள் சுற்றிச் சுற்றி வந்தன. கீழே போடவும் மனம் வரவில்லை.

நாணல்காட்டில் தடம் இரண்டாகப் பிரிந்தது. வலதுபக்கம் மரப்பலகைப் பாதை பெரிய ஏரிக்குப் போகும். இடதுபக்கம் உப்புக் குளங்கள். அப்பா வழக்கமாக இரண்டாவது குளம் வரை போய்விட்டு ஒன்பது மணி சுமாருக்குப் பெரிய ஏரிப் பக்கமாகத் திரும்புவார் என்று கணக்குப் போட்டு, வலதுபக்கம் திரும்பினாள். பலகைகள் காலடியில் அதிர்ந்தன. இரண்டு புறமும் ஆளுயரத்துக்கு மேல் நாணல். காற்றடிக்கும்போது காடு முழுவதும் ஒருபக்கமாய்ச் சாய்ந்து இரைந்தது. பாதை முடிந்த இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும் இருந்தது. ஒருவரும் இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது பத்து. வந்த வழியே ஓடினாள்.

முதல் குளத்தில் இல்லை. இரண்டாவது குளத்தின் கரையில் சாம்பல் நிற மாடுகள் கொம்பைத் தாழ்த்தி மேய்ந்துகொண்டிருந்தன. மேய்ப்பனிடம் கேட்டாள். அவன் தெற்கே கை காட்டினான். "இன்னிக்கு அவர் திரும்பலை. நேரா போயிட்டார்."

நேரா என்றால் மூன்றாவது குளம். இன்னும் இரண்டு கிலோமீட்டர்.

அங்கேதான் அவளுக்குக் கோபம் பொங்கியது. இன்றைக்குப் பார்த்தா தூரமாகப் போக வேண்டும்? அவர் இருந்திருந்தால் நான் ஏன் அடுப்படிக்குப் போயிருப்பேன், அவரையல்லவா அனுப்பியிருப்பேன் என்று தோன்றியது. உடனே அந்த நினைப்பே கசந்தது. நடையை எட்டிப் போட்டாள். திணித்த நாடா வெளியே வந்து காலில் அடித்தது. நின்று கட்டவில்லை.

மூன்றாவது குளம் வெயிலில் வற்றி, வெள்ளைத் தரையாகக் கிடந்தது. அதன் எதிர்க்கரையில் ஓர் ஆள் நின்றிருந்தார். குனிந்த முதுகைப் பார்த்ததுமே தெரிந்தது.

"அப்பா!"

காற்று குரலைப் பின்னுக்கு இழுத்துப் போனது. கரையைச் சுற்றிப் போக நேரமில்லை. உப்புத் தரையில் இறங்கினாள். மேலே அப்பளம் போல நொறுங்கியது, கீழே கருஞ்சேறு. ஒரு காலணி சேற்றோடு போனது. குனிந்து பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பாதித் தூரம் வந்திருப்பாள். ஊர்ப்பக்கமிருந்து மணி கேட்டது.

அப்பா நிமிர்ந்தார். இந்த ஊரில் சாவு மணியடித்தால் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: தொப்பியைக் கழற்றிக்கொண்டு எண்ணினார். ஆணென்றால் நடுவில் மூன்று முறை நிறுத்தி அடிப்பார்கள். பெண்ணென்றால் இரண்டு. முதல் முறை நின்று தொடர்ந்தது. இரண்டாம் முறை நின்று தொடர்ந்தது. பிறகு ஓய்ந்துவிட்டது. அப்போதுதான் அவர் திரும்பி, வெள்ளைத் தரையின் நடுவில் ஒற்றைக் காலணியோடு நிற்கும் மகளைப் பார்த்தார்.

அவள் மிச்சத் தூரத்தை மெதுவாகவே நடந்தாள். இனி அவசரம் எதற்கு?

"ரெண்டுதான அடிச்சான்?"

"ஆமாப்பா."

அவர் தலையசைத்தார். தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். "எத்தனை மணிக்கு?"

"எட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"நீ பக்கத்துல இருந்தியா?"

அத்தையிடம் சொன்ன அதே வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

"இல்லப்பா. அடுப்படியில இருந்தேன். காபி போட்டுட்டு வான்னாங்க. போட்டு எடுத்துட்டுப் போனா..." திராட்சைக் கொத்தையும் காலணியையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். "அத்தைகிட்ட பக்கத்துலதான் இருந்தேன்னு சொல்லிட்டேன்."

"காபியா?" என்றார். "அவளுக்குக் காபி வாசனையே ஆகாதே, இந்த மூணு வாரமா."

"அது எனக்கு அப்ப தோணலை."

ஒரு வாத்துக் கூட்டம் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போனது. எப்போதும் நிமிர்ந்து எண்ணும் அப்பா இன்று பார்க்கவில்லை.

"தினம் என்னை வெளிய துரத்தறது அவதான்" என்றார். "'நீ இங்க உக்காந்திருந்தா என்னால வாய்விட்டு முனகக்கூட முடியல, போய்யா, போய் நாலு இடம் பாத்துட்டு வந்து சொல்லு'ம்பா. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னா. 'அப்பன் கெட்டவனாவே இருக்கட்டும், அவ என் மேல பரிதாபப்பட ஆரம்பிச்சா என்னால தாங்க முடியாது'ன்னா."

ஹெர்மினா சேறு படிந்த தன் வெறுங்காலைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் காலையில மட்டும், 'மூணாவது குளத்துல தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வாயேன்'னா. ஆகஸ்ட்லயே வத்திப்போச்சுன்னு நானே அவகிட்டச் சொல்லியிருக்கேன்." நிறுத்தினார். "எதுக்கு அனுப்பறான்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

அவர் கைநீட்டினார். அவள் திராட்சையைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் கரையிலிருந்த கல்லின் மேல் வைத்துவிட்டு, மறுபடி கைநீட்டிக் காலணியை வாங்கினார். உட்கார்ந்து சேற்றைக் குச்சியால் சுரண்டினார். அவள் அதில் கால் நுழைத்ததும், இழுத்து நாடாவைக் கட்டிவிட்டார். அவர் முதுகு குலுங்குவதை அவள் மேலிருந்து பார்த்தாள். பார்க்காதது போல் குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. மாடுகளைத் தாண்டினார்கள். மேய்ப்பன் எழுந்து நின்றான்.

நாணல்காட்டருகே தடம் பிரியும் இடத்தில் ஊருக்குப் புதிய தம்பதி ஒன்று, முதுகில் பையும் கையில் ஊன்றுகோலுமாக, வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"ஐயா, நீங்க இந்த ஊரா? படகுத்துறைக்கு எப்படிப் போறது? ஒரு மணி நேரமா சுத்தறோம்."

"இப்ப வேண்டாங்க, எங்க வீட்டுல..." என்று ஹெர்மினா முன்னால் வந்தாள். அப்பா அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"பலகைப் பாதையில போகாதீங்க, அது ஏரியில போய் நின்னுடும்" என்றார். "இந்த நாணலை ஒட்டியே நடங்க. ஒரு ஒத்தை மரம் வரும், கிளை தொங்கற வில்லோ. அங்க இடதுபக்கம் திரும்பணும். தண்ணி வெச்சிருக்கீங்களா?"

"இருக்குங்க."

"அப்ப சரி. காத்து எதிர்ல அடிக்கும். பையை இறுக்கிக் கட்டிக்குங்க."

அவர்கள் நன்றி சொல்லிக் கிளம்பினார்கள். ஹெர்மினா ஊர்ப்பக்கம் நாலடி வைத்துவிட்டுத் திரும்பினாள். அப்பா அசையவில்லை. ஒற்றை மரத்தருகே போனதும் அந்த இருவரும் தயங்கி, இங்கே திரும்பிப் பார்த்தார்கள். அவர் இடது கையை உயரத் தூக்கிக் காட்டினார். ஒரு சிவப்புப் பை, ஒரு நீலப் பை. இரண்டும் நாணலுக்குள் திரும்பி மறைந்தன. அதற்குப் பிறகும் அவர் கையை இறக்கவில்லை.