அலுமாரியில் இருந்த இருமல்

1931ஆம் ஆண்டு என் அண்ணன் கிளறன்ஸை மஹய்யாவ சேமக்காலையில் அடக்கம் செய்த மறுநாள், கீழ்க் கல்லூரி நூலகத்து அலுமாரிக்குள் அவன் இருமல் கேட்டது.

ஹந்தானை மலைச் சரிவில், ஓர் ஓடைக்கு மேலும் கீழுமாக இரண்டு கத்தோலிக்கக் கல்லூரிகள் இருந்தன. ரோமாபுரி ஏற்ற பட்டங்களைக் கொடுத்ததால் இரண்டும் தம்மைப் பல்கலைக்கழகம் என்றே சொல்லிக்கொண்டன. நடத்தியவர்கள் வெவ்வேறு சபைத் துறவிகள். திரிகால மணியை யார் முதலில் அடிப்பது என்பதில்கூட அவர்கள் ஒத்துப்போனதில்லை. இரண்டு நூலகங்களிலும் பாதியைக் கறையான் தின்ற பிறகுதான், மிஞ்சியதைப் பொதுவாக வாசிப்பது என்று உடன்பட்டார்கள். ஒரு புத்தகம் ஓடையைக் கடந்தால், அது இருந்த இடத்தில் எடுத்தவனின் பெயர் எழுதிய பலகைத் துண்டை நிறுத்துவார்கள். புத்தகம் திரும்பினால்தான் பலகை வெளியே வரும். எடுத்தவன் இறந்துபோனால் என்ன செய்வது என்று யாரும் பேசிவைக்கவில்லை. அண்ணன் மேல் கல்லூரி மாணவன். புத்தகம் கீழ்க் கல்லூரியுடையது. பலகையைக் கீழே எடுத்துவிடுவார்கள் என்று மேலே நினைத்தார்கள். புத்தகத்தை மேலேயிருந்து அனுப்புவார்கள் என்று கீழே காத்திருந்தார்கள். பெயர் அங்கேயே நின்றது. அண்ணனின் காச இருமலும் அதோடு நின்றுவிட்டது.

முதல் வாரம் மந்திரித்த தண்ணீர் தெளித்தார்கள். அடுத்த வாரம் பழகிவிட்டார்கள். இருமல் வரும்போது வாசிப்பவர்கள் விரலைப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்து, அது அடங்கியதும் தொடர்ந்தார்கள். யாரோ ஒருவர் மாலையில் கொத்தமல்லித் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். காலையில் கோப்பை பாதியாயிருக்கும்.

புத்தகம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எங்கள் அறையில் இருந்தது. தேனீக்களைப் பற்றி லத்தீனில் எழுதியது. கடைசி மாதங்களில் அண்ணன் படுத்தபடி வாசித்தான். அம்மா சூசையம்மா அதைத் தன் கலியாணச் சேலையில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். இருமலைப் பற்றிக் கேள்விப்பட்டதும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே கீழ்க் கல்லூரிக்கு நடந்தாள். பெண்களுக்கு உள்ளே அனுமதியில்லை. நூலகத்தைப் பார்த்துக்கொண்ட யாழ்ப்பாணத்துக் குருவான வின்சன்ட் சாமி, சன்னலுக்கு வெளியே ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்.

“உங்கட மகன்ர இருமல்தானோ, அம்மா?”

“எம்புள்ள இருமல எனக்குத் தெரியாதா சாமி?”

“ஓம். புத்தகத்தைக் கொண்டுவந்து வைச்சால் பலகையை எடுக்கலாம். பெயர் போனால் அவரும் போயிடுவார் எண்டு நினைக்கிறன்.”

“அப்ப குடுக்க மாட்டேன்.”

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்தாள். லயத்தில் அன்னலட்சுமி அக்கா அவளைச் சீண்டுவாள். “ஒம்மவன் செத்தும் ஒனக்குச் சத்தம் காட்டுறான். எம்மவன் கொழும்புல உசிரோட இருந்துக்கிட்டு ஒரு சத்தமும் காணோம். குடுத்து வச்சவடி நீ.” அம்மா சிரிப்பாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்தது அந்தப் பேச்சுக்கு மட்டும்தான்.

தவணை கடந்த ஒரு புத்தகம் திரும்பும்வரை வேறெதுவும் ஓடையைக் கடக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் இரண்டு கரையிலும் நின்று பக்கம் பக்கமாக உரக்க வாசித்தார்கள். எதிர்க்கரையில் இருந்தவர்கள் கேட்டு எழுதினார்கள். மழை பெய்தால் பாடம் நின்றது. மேல் கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்து புத்தகத்தைக் கேட்டார்கள். தலைமைக் குருவே லயத்துக்கு வந்து கேட்டார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

1935இல் மலேரியா வந்தது. லயத்தில் பாதிப் பேர் படுத்தார்கள். அன்னலட்சுமி அக்கா பிழைக்கமாட்டாள் என்றார்கள். அம்மாதான் பக்கத்தில் இருந்து பார்த்தாள். ஒரு காலை காய்ச்சல் விட்டது. அக்கா சுருண்டு படுத்து, வாய் திறந்து, அன்றும் மறுநாளும் தூங்கினாள். அம்மா அந்தத் தூக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு கதிரையில் உட்காரவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

“சாமி, இத்தன வருசத்துல ஒரு நாளாவது கொறஞ்சு இருமுனானா?”

வின்சன்ட் சாமி யோசித்தார். “இல்லை அம்மா. அப்பிடியேதான்.”

“நா சத்தம் கேக்கணும்னு அவன நோயிலயே வச்சிருக்கேன்.”

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு, சேலையோடு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். சாமி கதவைத் திறந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. பலகையை அவளே எடுத்தாள். அண்ணன் அந்த இடத்தில் புரண்டு புரண்டு படுத்ததில் இரண்டு பக்கத்துப் புத்தகங்களும் ஒதுங்கிப்போயிருந்தன. தேனீப் புத்தகம் அங்கே தொளதொளவென்று நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். வெளியே கொழுந்து நிறுக்க அழைக்கும் மணி கேட்டது. அலுமாரிக்குள் ஒன்றும் கேட்கவில்லை.

“மதலேனா, ஒன் அண்ணன் தூங்கிட்டான்,” என்றாள் என்னிடம்.

அடுத்த நாளே புத்தகங்கள் ஓடையைக் கடக்கத் தொடங்கின. அந்தத் தட்டில் மட்டும் எதையும் நெருக்கி வைப்பதில்லை. தூசி தட்டுகிறவர்கள் அங்கே வந்ததும் துணியால் மெல்ல ஒற்றி எடுக்கிறார்கள். புதிதாக வரும் மாணவர்களிடம் அந்த அலுமாரிக்குப் பக்கத்தில் மெதுவாகப் பேசச் சொல்கிறார்கள். நூலகம் என்பதால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.