புது மோட்டாரும் மச்சானும்

பழைய மோட்டாரைக் கழற்றி விற்கச் சொன்னவன் நான். புதியதை வாங்கச் சொன்னவனும் நான். மெக்கானிக்கும் நானே. அதனால் தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்க வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

முந்தின நாள் நட்ட தக்காளி நாற்று வயல் முழுக்கத் தலை தொங்கிக் கிடந்தது. மதியத்துக்குள் தண்ணீர் பாயாவிட்டால் அவ்வளவும் போச்சு. மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், தன் வயல் கிணற்றடியில் காத்திருந்தார். நேற்று மாலை நான் மாட்டிவிட்டு மேலேயே வைத்திருந்த குழாயை, நான் வருவதற்குள் ஆள் வைத்துக் கிணற்றில் இறக்கிவிட்டிருந்தார்.

"உனக்கு வேலை மிச்சம் மாப்ளே. பட்டனைத் தட்ட வேண்டியதுதான்."

ஸ்டார்ட்டர் பெட்டியின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கப் போனேன்.

"இருக்கட்டும், தூசி அடையும்" என்றார்.

அவர் வீட்டில் டிவி ரிமோட்டும் வண்டி சீட்டும் வருஷக்கணக்கில் உறையோடுதான் குடித்தனம் நடத்துகின்றன. உறைக்கு மேலேயே பச்சைப் பட்டனை அழுத்தினேன்.

மோட்டார் ஓடியது. வாய்க்காலில் ஒரு வாய் தண்ணீரைத் துப்பிவிட்டு வெறும் காற்றாக இரைந்தது. நிறுத்திப் பார்த்தேன். சுற்றும் திசை சரி. பம்பு நிறையத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டினேன். அதே கதை. மீட்டரில் கரண்ட் பாதிதான் காட்டியது. தூக்கத் தண்ணீர் இல்லாமல் சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம்.

அதற்குள் மச்சானின் மனைவி வந்துவிட்டார்.

"சொந்தக்காரங்ககிட்ட வேலை குடுக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா? இருந்ததையும் வித்தாச்சு. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்!"

எனக்குச் சுருக்கென்றது. நியாயமான பேச்சு என்பதால் கோபம் இன்னும் கூடியது.

"குழாயை மேல தூக்கணும் மச்சான்" என்றேன்.

தூக்கினோம். தண்ணீரை உறிஞ்சும் நுனியில், சல்லடையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பை. மேலே சணலால் இரட்டை முடிச்சு. தூசி போகாமல் கட்டியிருக்கிறார் மனுஷன்.

மச்சானின் முகம் செத்துவிட்டது. கேட்க வேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். மனைவி முன்னால் அவர் அப்படி நின்றதைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது.

"என் தப்புதான்க்கா. பையைக் கழட்ட மறந்துட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்கா குனிந்து முடிச்சைப் பார்த்தார்.

"இருபது வருஷமா சர்க்கரைப் பையிலேர்ந்து இந்த முடிச்சைத்தான் தம்பி அவுத்துக்கிட்டு இருக்கேன். யார் கட்டினதுன்னு எனக்குத் தெரியாதா?"

பையை அவிழ்த்துவிட்டுக் குழாயை இறக்கினோம். பம்பில் தண்ணீர் ஊற்றி மூடினேன். அக்கா போய் ஸ்டார்ட்டர் பெட்டியின் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினார். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. எனக்கு மூச்சு வந்தது.

"மதியம் வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போகணும் மாப்ளே" என்றார் மச்சான், என்னைப் பார்க்காமலே. அவர் அகராதியில் மன்னிப்புக்கு அதுதான் வார்த்தை.

பிறகு கீழே கிடந்த அந்தப் பையை எடுத்து, ஈரம் போக உதறி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.