கசார்வாடிக்கு வந்தவர்

முதல் விமர்சனம் வந்தபோது ஜெயந்த் அலுவலகப் பேருந்தில் இருந்தான். சென்னையில் இருந்துகொண்டு யூடியூபில் படங்களை விமர்சிக்கும் ஒருவர் அன்று அவன் எடுத்த படத்தைக் கையிலெடுத்திருந்தார்.

"விண்கலம் எந்தக் கிரகத்துல இருந்து வந்துச்சுன்னு டைரக்டர் கடைசி வரைக்கும் சொல்லல. ஆனா ஏலியன் வாயத் தொறந்ததும் நமக்குத் தெரிஞ்சுடுது. கோயமுத்தூர் உக்கடம் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயப் போட்டுட்டு நேரா வந்திருக்கார்."

கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்பு முகங்கள். ஜெயந்துக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. கல்யாணங்களுக்காக மட்டும் கோயமுத்தூர் போய் வந்தவன் அவன். அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். திரையில் பச்சை உடைக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தது அவன் அப்பா.

படத்தின் பெயர் 'வந்தவர்'. வேலைக்குப் போய்க்கொண்டே, சனி ஞாயிறுகளில், ஊருக்குள்ளேயே கசார்வாடிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையை வாடகைக்குப் பிடித்து எடுத்த படம். பழுதான விண்கலத்தோடு வேற்றுக்கிரகவாசி ஒருவர் அந்தப் பட்டறைக்கு வந்து சேருகிறார். பட்டறையை நடத்தும் அம்மாள் மகனைப் பறிகொடுத்தவள். கலம் சரியாகி அவர் கிளம்பும்போது, மேலே எங்காவது என் பையனைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். அவர் சொல்கிறார்: "நான் பாக்கலீங்க. பாத்தா சொல்றனுங்க. வெசனப்படாதீங்க."

இந்த மூன்று வரிகளுக்காகத்தான் ஜெயந்த் படமே எடுத்தான். வெகுதூரத்திலிருந்து வருகிற ஒருவர் தமிழ் கற்றுக்கொண்டால் எப்படிப் பேசுவார் என்று நாள்கணக்கில் யோசித்திருந்தான். மிகவும் மரியாதையாகப் பேசுவார் என்று தோன்றியது. அவன் கேட்டதிலேயே மரியாதையான தமிழ் அப்பாவுடையது. அவன் பிறந்து வளர்ந்த நிக்டி காலனியில் வாசலைத் தாண்டினால் மராத்தி. தமிழ் என்றால் வீட்டுக்குள் அப்பா கோவிந்தராஜனும் அம்மா வனஜாவும் பேசிக்கொள்வது, அவ்வளவுதான். அவனுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது. வசனங்களை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான். நடிக்க வந்த பையன் உடையின் வெக்கை தாங்காமல் முதல் நாளே ஓடிவிட, பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, "நான் போட்டுப் பாக்கட்டுமா கண்ணு?" என்றார்.

அன்று மதிய உணவின்போது ஷ்யாமிடம் கேட்டான். ஷ்யாம் அலுவலக நண்பன், சென்னைக்காரன், கோந்த்வாவில் குடியிருப்பவன். படத்துக்கு விளம்பர வேலையெல்லாம் அவன்தான்.

"டேய், நெஜமாவே உனக்குத் தெரியாதா?"

"எது?"

"அந்த 'ங்க' தாண்டா. நம்ம சினிமால அந்தப் பேச்சு வந்தாலே காமெடி. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு 'ஏனுங்க'ன்னு ஒருத்தன் உள்ள வந்தா தியேட்டரே ரெடியாயிடும். நீ அத ஏலியனுக்குக் குடுத்திருக்க. நான் கூட ஸ்க்ரிப்ட் படிச்சப்ப என்னா மூளைடா இவனுக்குன்னு நெனச்சேன்."

ஜெயந்த் தட்டைப் பார்த்தான். ரொட்டியைப் பிய்த்து வைத்திருந்தான், வாயில் வைக்கவில்லை. இப்போது சொல்லிவிடலாம். அது எங்கள் வீட்டுப் பேச்சு, எனக்கு வேறு தமிழே தெரியாது என்று. ஷ்யாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வேணும்னுதான் வச்ச, இல்ல?"

"ஆமா," என்றான் ஜெயந்த். "வேணும்னுதான்."

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. யாரும் பார்க்காமல் ஓடிடியில் கிடந்த படத்திலிருந்து அந்த மூன்று வரிகளை மட்டும் யாரோ வெட்டிப் போட, அது ஊரெல்லாம் சுற்றியது. மேலாளர் விடுமுறை தர மறுக்கும் மீம்களில் அப்பா வந்தார். கிரிக்கெட் தோல்விகளில் வந்தார். ஷ்யாம் பழைய போஸ்டரை எடுத்துவிட்டான். இருட்டான பட்டறையும் கூரை ஓட்டையில் இறங்கும் வெளிச்சமும் போய், மஞ்சள் பின்னணியில் அப்பா வந்தார். படப்பிடிப்பு இடைவேளையில், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அவல் பொஹா சாப்பிடுகிற படம். மேலே கொட்டை எழுத்தில்: 'வெசனப்படாதீங்க, வந்துட்டாருங்க!'

"ஓகேவா?" என்று அனுப்பியிருந்தான். ஜெயந்த் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு ஒரு கட்டைவிரல் குறியை அனுப்பினான்.

முன்பு கண்டுகொள்ளாத விமர்சகர்கள் இப்போது தேடி வந்து எழுதினார்கள். 'அபத்த நகைச்சுவையின் புதிய முகம்' என்றார் ஒருவர். ஒரு பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். பேட்டி எடுத்த பெண் கேட்டாள்: "ஏலியனா நடிச்சவர் முகத்துல சிரிப்பே இல்லாம எப்படிப் பேச வச்சீங்க?"

கேமராவின் சின்ன சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஜெயந்த் சொன்னான்: "அது காமெடின்னு நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல. அதான் சீக்ரெட்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். 'அவர்' யார் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வெளியே வந்து பைக்கை எடுக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அரைமணி நேரம் பேசியதில் ஒரு தடவைகூட அவன் வாயில் 'ங்க' வரவில்லை. பிறந்ததிலிருந்து பேசிய பேச்சை, யாரும் சொல்லித் தராமலே, அங்கங்கே கத்தரித்துவிட்டிருந்தான்.

வீட்டில் அப்பா போஸ்டரை அம்மாவின் போனில் பார்த்துவிட்டு, "பொஹா திங்கறப்ப எடுத்திருக்கான். வாயத் தொடைக்கச் சொல்லியிருக்கலாம்," என்றார். அவ்வளவுதான். அவன் காகூ என்று கூப்பிடும் எதிர்வீட்டு மராத்திக்காரப் பெண்மணி மட்டும் படம் பார்த்த மறுநாள் கதவைத் தட்டி, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஓரெழுத்துத் தமிழ் தெரியாது. கீழே ஓடிய ஆங்கில வரிகளைப் படித்திருந்தாள். ஆங்கிலத்தில் 'ங்க' இல்லை.

ஞாயிறு காலை நிக்டியில் ஒரு அரங்கத்தில் சிறப்புக் காட்சி வைத்தான் ஷ்யாம். ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். அப்பாவைக் கூட்டிப்போகாமல் இருக்க ஜெயந்த் தன்னாலானதைச் செய்தான். ஏசி ஒத்துக்காது, நெரிசல், நீங்கள் பார்த்த படம்தானே என்றெல்லாம் சொன்னான்.

"அருணாச்சலத்தையும் வரச் சொல்லிப்போட்டனே," என்றார் அப்பா. கூட வேலை பார்த்தவர், அவரும் ஓய்வுபெற்றவர். "நான் வராம அவன் மட்டும் போய் உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். ஜெயந்த் கதவருகிலேயே நின்றுகொண்டான். அங்கிருந்து அப்பாவின் பின்னந்தலை தெரிந்தது.

அந்த அம்மாள் திரையில் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அரங்கம் தயாராகிவிட்டது. யாரோ விசிலடித்தார்கள். அப்பா திரையில் வாயைத் திறக்குமுன் இருநூறு குரல்கள் கத்தின: "நான் பாக்கலீங்க!" சிரிப்பு. "பாத்தா சொல்றனுங்க!" நாற்காலிகளைத் தட்டினார்கள். மூன்றாவது வரி காதில் விழவேயில்லை.

அருணாச்சலம் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தார். அப்பா திரும்பவில்லை.

வெளியே வந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "அங்கிள், ஒரே ஒரு தடவை!" "அங்கிள், என் ஒய்ஃபுக்குச் சொல்லுங்க, வீடியோ கால்ல இருக்கா!" அப்பா போனுக்குள் குனிந்து, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம், பார்த்தால் சொல்வதாகச் சொன்னார். அவள் கைதட்டினாள். அருணாச்சலம் பேருந்துக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பினார். ஜெயந்தைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நடந்தார்.

வாடகைக் காரில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஷ்யாமின் செய்தி காத்திருந்தது. ஓடிடிக்காரர்கள் இந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் கேட்கிறார்கள். அறிவிக்க ஒரு சின்ன வீடியோ வேண்டும், அப்பா அந்த 'பாத்தா சொல்றனுங்க' வரியைச் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள். ஜெயந்த் போனைக் கவிழ்த்து வைத்தான். முடியாது என்று எழுதிவிட வேண்டும் என்று நினைத்தான். ஆனால் போனை எடுக்கவில்லை.

"ஷ்யாம் எனக்குங் கூப்புட்டுச் சொன்னானே," என்றார் அப்பா. "எங்க நிக்கோணும்? பால்கனியில வெளிச்சம் நல்லா இருக்கும்."

"அப்பா, வேண்டாங்க."

"ஏன், உன்ற அடுத்த படமாச்சே?"

அப்பா உள்ளே போய்ப் பச்சை உடையின் மேல்பாகத்தை மட்டும் வெள்ளைச் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டு வந்தார். பால்கனிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை அம்மா எடுத்துவிட்டு, இரண்டு பேரையும் ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"எப்படிச் சொல்லோணும்?" என்றார் அப்பா. "சிரிக்கறாப்பல தானே?"

ஜெயந்த் போனை உயர்த்திப் பிடித்தான். கீழே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்.

"அந்தப் பேட்டிய நானும் பாத்தங் கண்ணு," என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. வேலையில் நேர்ந்த பிசகைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். "காமெடின்னு அப்பவே சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியல. அந்தம்மா கேட்டதும், நான் நெசமாலுமே சொல்லிப்போட்டேன்."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "எடுத்துக்கோ."

ஜெயந்தின் விரல் தானாக அழுத்தியது. அப்பா வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். கண்களை உருட்டினார். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவர் வாழ்நாளில் ஒருபோதும் பேசியிராத ஒரு கீச்சுக் குரலில், 'ங்க'வைத் தெருமுனை வரை இழுத்து, அந்த வரியைச் சொன்னார். கனகச்சிதமாக இருந்தது. அரங்கத்துப் பிள்ளைகள் செய்ததை அவர்களைவிட நன்றாகச் செய்தார்.

ஜெயந்த் சிரித்துவிட்டான்.

அடக்கப் பார்த்தும் முடியாமல், வயிற்றிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது. போன் குலுங்கியது. திரையில் அப்பாவின் முகம் மேலும் கீழும் ஆடி நின்றது. அவர் பழைய முகத்துக்குத் திரும்பி, மகன் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"உன்ற சிரிப்பும் அதுல விழுந்திருக்கும்," என்றார். "இன்னொருக்கா எடுத்துக்கலாம்."