முதலில் உயரம்

எங்கள் பட்டறையில் கணக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதை நானே அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்ததால் மற்றவர்களுக்கும் தெரியும்.

வேலை இதுதான். தகட்டில் எங்கெங்கே துளை வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்வார். சாதாரண ஆட்கள் படம் கொடுப்பார்கள். படித்தவர்கள் சமன்பாடு கொடுப்பார்கள். நான் எக்ஸுக்கு ஒவ்வோர் எண்ணாகப் போட்டு ஒய்யைக் கண்டுபிடித்து, இரண்டு பத்தியில் பட்டியல் எழுதுவேன். பத்திக்குத் தலைப்பு போடமாட்டேன். தெரிந்தவனுக்கு எதற்குத் தலைப்பு? என் மனைவியின் தம்பி அதை வாங்கி மெஷினில் அடிப்பான். மெஷின் திரையில் இரண்டு கட்டம் இருக்கும், முதல் எண்ணுக்கு ஒன்று, இரண்டாம் எண்ணுக்கு ஒன்று. அடித்து முடித்தால் அது பாட்டுக்குத் துளை போடும்.

மைத்துனனைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. பத்தாவதோடு படிப்பை ஏறக்கட்டியவன். ஒவ்வொரு ஜோடி எண்ணையும் அடிக்கும் முன் பட்டியலை ஒரு கணம் வெறித்துப் பார்ப்பான். பதினோரு வருடமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாப்பிடும்போது அவன் அக்காவிடமே, "ரெண்டு நம்பரைப் பாத்து ரெண்டு நம்பர் அடிக்க உன் தம்பிக்கு இவ்வளவு யோசனை" என்பேன். அவள் என் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவாள்.

இரண்டு மாதம் முன்பு அவன் மாடிப்படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டான். ஆறு வாரம் கட்டு. அந்த இடத்துக்கு முதலாளியம்மா ஒரு பெண்மணியை மூன்று மாதச் சோதனையில் எடுத்தார். வயது நாற்பத்திரண்டு. பட்டறை அவருக்குப் 'புதுசு' என்று பெயர் வைத்துவிட்டது. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், பதினைந்து வருடம் கழித்து வேலைக்கு வந்தவர். "இந்த மூணு மாசத்தை ஓட்டிட்டா நிரந்தரம் சார். இதுவும் போச்சுன்னா இந்த வயசுல வேற எங்கயும் எடுக்க மாட்டாங்க" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அவருக்கு வந்த முதல் வேலையே ஒரு நூலகச் சுவருக்கு விளக்குத் தகடு. ஐம்பது சென்டிமீட்டர் சதுரம், மொத்தம் பதினாறு. படித்த வாடிக்கையாளர். ஒய் என்பது எக்ஸின் வர்க்கத்தை நாற்பதால் வகுத்தது, நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு துளை என்று எழுதி அனுப்பியிருந்தார். தொடக்கத்தில் தரையோடு தவழ்ந்து போகப்போக மேலேறும் வளைவு அது. தகட்டில் வந்ததோ எடுத்த எடுப்பில் செங்குத்தாக ஏறி, பிறகு களைத்துச் சாய்ந்த வளைவு. பதினாறும் அப்படியே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான தகடாக இருந்திருந்தால் புரட்டிப் போட்டுத் தப்பித்திருக்கலாம். இதில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை பூசியிருந்தது.

"நான் எழுதினது சரிம்மா. அடிச்சவங்களைக் கேளுங்க" என்றேன்.

"வெள்ளிக்கிழமையோட அந்தம்மா போதும்" என்றார் முதலாளியம்மா.

அன்று மதியம் புதுசு ஒரு கிராஃப் தாளோடு என் மேசைக்கு வந்தார். சமன்பாட்டின் வளைவை நீலத்திலும் என் பட்டியலின் வளைவைச் சிவப்பிலும் வரைந்திருந்தார். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

"சார், எக்ஸ் எட்டுன்னா ஒய் ஒன்னு புள்ளி ஆறு. நீங்க ஒன்னு புள்ளி ஆறை முதல்ல எழுதி, எட்டை அப்புறம் எழுதியிருக்கீங்க. முதல் நம்பர் குறுக்கே போற தூரம்தானே சார்?"

"முதல்ல உயரம், அப்புறம்தான் அகலம். ஒரு ஆளைப் பாத்தா முதல்ல உயரத்தைத்தானே சொல்றோம்?"

"மெஷின் ஆளைப் பாக்கலையே சார்."

"பதினோரு வருஷமா இப்படித்தான் எழுதறேன். ஒரு தகடு தப்பானது கிடையாது."

அவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அது பெரிய ஆதாரமாகவே பட்டது.

சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்குப் போனேன். என் மனைவியும் அங்கே இருந்தாள். அவன் கட்டுப் போட்ட காலை நாற்காலிமேல் வைத்திருந்தான். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அவனைப் பாராட்டினேன். "நீ இருந்திருந்தா இது நடந்திருக்குமாடா?"

அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ரெண்டாவது நம்பரைத்தான் முதல்ல அடிப்பேன் மாமா."

"ஏன்?"

"நீங்க மாத்தி எழுதுவீங்க."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

"சொல்லித் தொலைய வேண்டியதுதானேடா!"

"அப்ப உங்களுக்குக் கல்யாணமாகி மூணு மாசம். வீட்டு மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன். பதினோரு வருஷம் போயிடுச்சு."

"எங்கிட்ட சொன்னான்" என்றாள் என் மனைவி, துணி மடித்தபடி. "நான்தான் வேணாம்னேன். ரெண்டு நாள் சாப்பிட மாட்டீங்க."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாயை மூடிக்கொண்டால் என்ன என்றும் யோசித்தேன். புதுசு போய்விடுவார், மைத்துனன் வந்துவிடுவான், எல்லாம் பழையபடி ஓடும். இரண்டு நாள் இதை நன்றாகவே யோசித்தேன். வெள்ளிக்கிழமை புதுசு தன் பொருட்களைப் பையில் எடுத்து வைத்துவிட்டு, போகிற நேரத்திலும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. முதலாளியம்மாவின் அறைக்குள் போனேன்.

"தப்பு என் பட்டியல்லதாம்மா. நான் மாத்தி எழுதிட்டேன். எப்பவுமே மாத்தித்தான் எழுதறேன்."

"பதினோரு வருஷமாவா? அப்ப அதெல்லாம் எப்படிச் சரியா வந்துச்சு?"

"அது குடும்ப விஷயம்மா."

புதுசு நிரந்தரமானார். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என் பட்டியல் மெஷினுக்குப் போக வேண்டும் என்று உத்தரவானது. பத்திக்குத் தலைப்பும் போடச் சொன்னார்கள். போட்டேன்.

கட்டுப் பிரித்து மைத்துனன் வேலைக்கு வந்த அன்று, "இனிமே நேரா அடி. நான் சரியா எழுதறேன்" என்றேன். "சரி மாமா" என்று உட்கார்ந்தான். தவழ்ந்து மேலேற வேண்டிய வளைவில் பன்னிரண்டு தகடு போட்டான். பன்னிரண்டிலும் வளைவு எடுத்த எடுப்பில் செங்குத்தாக ஏறியது. பழகிய கை, அதுவே மாற்றி அடித்துவிட்டிருக்கிறது.

முதலாளியம்மா வந்தார். பட்டியலைப் பார்த்தார், சரியாக இருந்தது. கையெழுத்தைப் பார்த்தார், அதுவும் இருந்தது. "இப்ப யாரு?" என்றார். மைத்துனனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"நான்தாம்மா" என்றேன். "பழையபடியே அடின்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன். எது முன்னாடி எது பின்னாடின்னு எனக்கு மறுபடியும் குழம்பிடுச்சு."

"இல்லம்மா, மாமா அப்படிச் சொல்…"

"பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாதடா."

புதுசு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தகடுகளை ஓரமாக அடுக்கத் தொடங்கினார்.

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. முதலாளியம்மா என்னை மேலும் கீழும் அளந்தார். "உங்களுக்குக் கணக்கு வராதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"வராதும்மா" என்றேன்.